தேங்காய்ப்பூவும் சுட்ட சிப்பியும்: எது பௌதிக மாற்றம், எது இரசாயன மாற்றம்?

"சித்தி, திரும்ப எடுக்க ஏலுமெண்டால் பௌதிக மாற்றம். ஏலாட்டி இரசாயன மாற்றம். சரிதானே?"

தவணைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் பெறாமகள் குசினி வாசலில் நின்று கேட்டாள். நான் திருவலைக்கு முன்னால் இருந்தேன். பாதித் தேங்காய் திருவி முடிந்திருந்தது.

"இந்தப் பூவைத் திரும்பவும் முழுத் தேங்காயாக்க ஏலுமோ?"

"ஏலாது."

"அப்ப தேங்காய் திருவுறது இரசாயன மாற்றமோ?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு முகம் சுருங்கியது. "இல்லைத்தானே... தேங்காய் தேங்காய்தானே. ஆனா கொப்பியில அப்பிடித்தான் எழுதியிருக்கு."

அவளுடைய கொப்பியில் மட்டுமல்ல, நான் படித்த காலத்துக் கொப்பியிலும் அப்படித்தான் இருந்தது. திருகோணமலையில் எந்த ரியூசன் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் இந்த ஒற்றை வரி மனப்பாடமாக வரும். சொல்ல இலகுவானது, பல இடங்களில் சரியாகவும் பொருந்திவிடும். அதனாலேயே அது பிழை என்று தெரிய வெகுகாலம் எடுக்கிறது. கடைகளில் "இரசாயனம் இல்லாத சவர்க்காரம்" என்று விற்கிறார்களே, அந்தக் குழப்பமும் இதோடு சேர்ந்ததுதான். எண்ணெயும் எரிசோடா போன்ற காரமும் ஒன்றோடொன்று தாக்கம் புரிந்தால்தான் சவர்க்காரமே உண்டாகும்.

ஆகவே மீளுமா மீளாதா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைப்போம். கேட்கவேண்டிய கேள்வி வேறு: மாற்றத்துக்கு முன் இருந்த அதே பொருள்தான் பின்னும் இருக்கிறதா?

கடற்கரைக்கு வந்த குடும்பங்கள்

பொங்கல் விடுமுறையில் டச்பே கடற்கரையை நினைத்துப் பாருங்கள். குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் கைகோத்து நிற்கிறது. ஓரிடத்தில் ஏதோ நிகழ்ச்சி; எல்லாரும் நெருக்கியடித்து, அசைய இடமின்றி நிற்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் மெல்ல நகர்கிறது, ஒரு குடும்பம் இன்னொன்றை உரசிக்கொண்டு போகிறது. இருட்டியதும் ஆளுக்கொரு பக்கமாகப் பரந்து போய்விடுகிறார்கள். கூட்டத்தின் தோற்றம் மூன்று விதமாக மாறிவிட்டது. ஆனால் எந்தக் குடும்பத்திலும் கை விடுபடவில்லை.

பனிக்கட்டி, தண்ணீர், நீராவி மூன்றுக்கும் கதை இதுதான்.

இப்போது கலியாண வீட்டுக்கு வாருங்கள். இரண்டு குடும்பங்களிலிருந்து ஒருவர் ஒருவராகப் பிரிந்து புதிதாக ஒரு குடித்தனம் உண்டாகிறது. ஆட்களின் எண்ணிக்கையில் ஒருவர்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் யாரோடு என்பது மாறிவிட்டது. இரசாயன மாற்றம் இந்த வகை.

கைகோத்திருப்பது என்றால் என்ன?

உவமையை விட்டு உண்மைக்கு வருவோம். பொருள்கள் எல்லாம் *அணு* என்ற மிகச்சிறிய துணிக்கைகளால் ஆனவை. அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துவைத்திருக்கும் விசைக்குப் *பிணைப்பு* என்று பெயர். பிணைப்பால் சேர்ந்த அணுக்களின் சிறு கூட்டம் *மூலக்கூறு*. தண்ணீர் மூலக்கூறு ஒன்றில் இரண்டு ஐதரசன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் இருக்கும்.

கேத்தலில் தண்ணீர் கொதிக்கும்போது அதன் கனவளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருக்கிறது. கண்ணுக்குப் பெரிய மாற்றம். ஆனால் விலகிப் போனவை மூலக்கூறுகள். ஒவ்வொரு மூலக்கூறுக்குள்ளும் அந்த மூன்று அணுக்களும் முன்போலவே இருக்கின்றன. கேத்தல் வாயில் ஒரு கரண்டியைப் பிடித்தால் மறுபடி தண்ணீராகச் சொட்டும். கொதிக்கும்போது வரும் குமிழ்கள் ஐதரசனும் ஒட்சிசனும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவை நீராவிதான். தண்ணீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்க அடுப்புச் சூடு போதாது. மின்சாரம் செலுத்திப் பிரிக்கலாம்.

பொருள் அதேதான், வடிவமோ அளவோ நிலையோ மாறியிருக்கிறது என்றால் அது *பௌதிக மாற்றம்*. பழைய பிணைப்புகள் விட்டு, அணுக்கள் புது விதமாகச் சேர்ந்து, வேறு பொருள் உண்டானால் அது *இரசாயன மாற்றம்*. அப்படிச் சேரும் நிகழ்வை *தாக்கம்* என்கிறோம். தேங்காய் திருவும்போது இழைகள் அறுபடுகின்றன, துண்டு சிறிதாகிறது. எண்ணெய் எண்ணெயாகவும் புரதம் புரதமாகவும் இருக்கின்றன. மீளாத மாற்றம், ஆனாலும் பௌதிக மாற்றம்.

இனி எதிர்ப்பக்கம். மீளக்கூடிய இரசாயன மாற்றம் உண்டா? பெறாமகளுக்கு இதைக் காட்ட அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டமே போதுமாக இருந்தது.

சிப்பி சுண்ணாம்பாகி, மீண்டும் சிப்பியான கதை

கடற்கரையில் பொறுக்கும் சிப்பி, மட்டி ஓடு, முருகைக்கல் எல்லாவற்றிலும் பெரும்பங்கு ஒரே பொருள்தான்: கல்சியம் காபனேற்று. கல்சியம், காபன், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தது. (முருகைக்கல்லை உடைத்தெடுக்க இன்று சட்டத் தடை உண்டு. புறாமலைத் தீவில் மிஞ்சியிருக்கும் முருகைக்கற்பாறைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடையின் அருமை தெரியும்.)

சிப்பியைச் சூளையில் போட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் அதிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு வெளியேறிவிடும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஒட்சைட்டு. ஒன்று இரண்டாக உடையும் இத்தகைய தாக்கத்துக்குப் *பிரிகை* என்று பெயர்.

நிறுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 100 கிராம் கல்சியம் காபனேற்றைச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மிச்சம் 44 கிராம் எங்கே? சூளை வாயால் வாயுவாகப் போய்விட்டது. "எரிந்து தீர்ந்தது", "கரைந்து இல்லாமல் போனது" என்று பேச்சில் சொல்கிறோம். ஓர் அணுகூட இல்லாமல் போகவில்லை. பிரான்சில் லவோசியே 18ஆம் நூற்றாண்டில் தராசைக் கையில் எடுத்ததும் இதற்காகத்தான்: மூடிய பாத்திரத்துக்குள் தாக்கம் நடத்தி, முன்னும் பின்னும் நிறுத்து, மொத்தத் திணிவு மாறவில்லை என்று காட்டினார்.

அடுத்த படி நீற்றுதல். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் சீறும், பொரியும், ஆவி பறக்கும். கட்டிகள் வெடித்துத் தூளாகும். அடியில் நெருப்பே இல்லை, ஆனாலும் தெளித்த தண்ணீர் கொதிக்கிறது. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரோடு சேர்ந்து 74 கிராம் நீறிய சுண்ணாம்பாகிறது. அதன் பெயர் கல்சியம் ஐதரொட்சைட்டு. இரண்டு ஒன்றாவதால் இது *சேர்க்கைத் தாக்கம்*. இதை வீட்டில் பிள்ளைகள் செய்து பார்க்கக் கூடாது. தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

இந்த நீறிய சுண்ணாம்பைத்தான் மணலோடு குழைத்துச் சுவருக்குப் பூசினார்கள். பூசியது காயும், பிறகு இறுகும். காய்வது வேறு, இறுகுவது வேறு. காயும்போது தண்ணீர் ஆவியாகிறது, அது பௌதிக மாற்றம். இறுகும்போது காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை சுண்ணாம்பு உள்ளே எடுக்கிறது, அது இரசாயன மாற்றம். 74 கிராம் நீறிய சுண்ணாம்பு 44 கிராம் காபனீரொட்சைட்டை எடுத்து, 100 கிராம் கல்சியம் காபனேற்றாகிறது. 18 கிராம் தண்ணீர் வெளியே வருகிறது.

எண்களை மறுபடி பாருங்கள். சூளையில் போன 44 திரும்பி வந்தது. நீற்றியபோது சேர்ந்த 18 வெளியே போனது. தொடங்கிய 100 கையில் இருக்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவர் என்பது சிப்பி மறுபடி சிப்பியின் பொருளாகவே ஆகி நிற்பதுதான். மூன்று படிகளும் இரசாயன மாற்றங்கள். மூன்றும் சேர்ந்து தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டன.

சுருக்கமாக: தேங்காய்ப்பூ மீளவில்லை, ஆனால் பௌதிக மாற்றம். சுண்ணாம்பு மீண்டது, ஆனால் இரசாயன மாற்றம். மீள்வதை வைத்து வகை சொல்ல முடியாது.

சூடு எங்கிருந்து வந்தது?

சூளைக்கு நாம் விறகு போட்டுச் சூடு கொடுத்தோம். நீற்றும்போது சூடு தானாக வந்தது. ஏன் இந்த வேறுபாடு?

"பிணைப்பு உடைந்தால் சக்தி வெளிவரும்" என்று பலர் எழுதுவார்கள். தலைகீழ். பிணைப்பை விடுவிக்கச் சக்தி கொடுக்கவேண்டும். புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் சக்தி வெளிவரும். கொடுத்ததைவிட வந்தது கூடினால் பாத்திரம் சூடாகும்: *புறவெப்பத் தாக்கம்*. கொடுத்தது கூடினால் வெப்பம் உள்ளே இழுக்கப்படும்: *அகவெப்பத் தாக்கம்*. நீற்றுவது முதல் வகை, சூளையில் சுடுவது இரண்டாம் வகை.

காஸ் அடுப்பில் இதையே பார்க்கலாம். சிலிண்டருக்குள் அமுக்கத்தில் திரவமாக இருப்பது வெளியே வரும்போது வாயுவாகிறது. அதுவரை பௌதிகம். தீப்பொறி பட்டதும் ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டும் நீராவியும் ஆகிறது, வெப்பம் வெளியேறுகிறது. தொடங்கிவைக்கத் தீப்பொறி வேண்டியிருப்பதும் இதனால்தான்: முதல் பிணைப்புகளை விடுவிக்க யாராவது சக்தி கொடுக்கவேண்டும்.

அடையாளங்கள் ஏமாற்றும்

நிறம் மாறினால், குமிழ் வந்தால், சூடானால், மணம் மாறினால் இரசாயன மாற்றம் என்று இன்னொரு பட்டியலும் பிள்ளைகளிடம் உண்டு. பயனுள்ள பட்டியல்தான். ஆனால் அவை துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்கள் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளிக் குளித்திருப்பார்கள். உள்ளே ஏதோ இரசாயனம் நடப்பதால்தான் சூடு என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிய நீர் அங்குள்ள சூடான பாறைகளில் வெப்பமேறி மேலே வருகிறது. தண்ணீர் தண்ணீராகவே வருகிறது. சூடேறியது பௌதிக மாற்றம்.

குமிழுக்கு: சோடாப் போத்தலைத் திறந்தால் நுரைக்கிறது. அப்பச்சோடாவில் தேசிக்காய் பிழிந்தாலும் நுரைக்கிறது. இரண்டிலும் வருவது காபனீரொட்சைட்டுதான். போத்தலில் அந்த வாயு ஏற்கெனவே அமுக்கத்தில் கரைந்திருந்தது, மூடி திறந்ததும் தப்பிவந்தது. தேசிக்காயிலோ அந்த வாயு முன்பு இல்லவே இல்லை. தேசிக்காய்ச் சாற்றில் உள்ள அமிலமும் அப்பச்சோடாவும் தாக்கமுற்று அந்த நொடியில் பிறந்தது. கண்ணுக்கு ஒரே நுரை, உள்ளே இரண்டு வேறு நிகழ்வுகள்.

நிறத்துக்கு ஆலாத்தித் தட்டு. மஞ்சள் கரைத்த தண்ணீரில் நகநுனியளவு சுண்ணாம்பு போட்டதும் குருதிச் சிவப்பாகிறது. மஞ்சளின் நிறப்பொருளிலிருந்து சுண்ணாம்பின் காரத்தன்மை ஓர் ஐதரசன் அணுவின் கருவைப் பறித்துவிடுகிறது. அதனால் அது ஒளியை வேறு விதமாக உறிஞ்சுகிறது. இரசாயன மாற்றம். அதே தட்டில் தேசிக்காயைப் பிழிந்தோம். முதல் சில சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் மஞ்சள் புள்ளிகள். கலக்கியதும் சிவப்பு மூடிக்கொண்டது. அரைப் பழம் பிழிந்தபின் தட்டு முழுவதும் மஞ்சளானது. பறிகொடுத்ததை அமிலம் திருப்பிக் கொடுத்துவிட்டது. பெறாமகள் மறுபடி சுண்ணாம்பு போட்டாள், சிவந்தது. மறுபடி பிழிந்தாள். மூன்று தரம் அப்படிச் செய்தபின் கொப்பியை எடுத்து, அந்த ஒற்றை வரியைத் தானாகவே வெட்டினாள்.

உப்பளத்தில் இரண்டும் நடக்கிறது

நிலாவெளிப் பக்கம் உப்பளங்களைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது. ஒரு லீற்றர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் அளவு உப்புகள் கரைந்திருக்கும். அதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேலே நாம் கறிக்குப் போடும் சோடியம் குளோரைட்டு. பாத்திகளில் தேக்கிய நீரை வெயிலும் கச்சான் காற்றும் வற்றச்செய்கின்றன. நீர் ஆவியாவது பௌதிக மாற்றம்.

உப்பு படிவது? இங்கே நின்று யோசிக்கவேண்டும். உப்பில் தண்ணீரைப்போல மூலக்கூறுகள் கிடையாது. மின்னேற்றம் கொண்ட அணுக்களான *அயன்கள்* உண்டு: நேரேற்றம் கொண்ட சோடியம், மறையேற்றம் கொண்ட குளோரைட்டு. பளிங்கில் அவை ஒன்றுவிட்டு ஒன்றாக அணிவகுத்து நிற்கின்றன. தண்ணீரில் கரைந்தால் அணி கலைந்து ஒவ்வோர் அயனையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. வற்றினால் மறுபடி அணி சேர்கின்றன. அணி கலையும்போதும் கவர்ச்சி விசைகள் விடுபடுகின்றன அல்லவா, அதையும் இரசாயன மாற்றம் என்றால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும் முன்பும் அதே அயன்கள், பின்பும் அதே அயன்கள். புதுப்பொருள் எதுவும் இல்லை. அதனால் கரைவதையும் படிவதையும் பாடநூல்கள் பௌதிக மாற்றத்தில் சேர்க்கின்றன. நானும் அந்தப் பக்கம்தான். எல்லை இந்த இடத்தில் கொஞ்சம் மங்கல் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை.

எல்லாப் படிவும் அப்படியல்ல. கடல்நீர் வற்றத் தொடங்கியதும் முதலில் அடியில் படிவது கறியுப்பு இல்லை, நம் சிப்பியின் பொருளான கல்சியம் காபனேற்று. கடல்நீரில் கரைந்திருந்த இருகாபனேற்று அயன்கள் பிரிந்து காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியம் காபனேற்று உண்டாகிறது. அது தெளிவான தாக்கம். அடுத்து ஜிப்சம் எனப்படும் கல்சியம் சல்பேற்று. நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வற்றியபின்தான் சோடியம் குளோரைட்டு படியும். அதற்காகத்தான் ஒரே பாத்தியில் வற்றவிடாமல் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுகிறார்கள். கடைசியில் மிஞ்சும் நீரில் மக்னீசியம் உப்புகள். நாக்கில் வைத்தால் கசக்கும். அவை ஒட்டிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மழைக்காலத்தில் கசியும். புது உப்பைக் குவித்து மாதக்கணக்கில் வைத்து அந்தக் கசப்பை வடியவிடுவதும் இதனால்தான்.

வேகமும் மெதுவும்

எல்லாத் தாக்கமும் சீறிக்கொண்டு நடப்பதில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றின் இரும்பு பல ஆண்டுகளாகத் துருவேறியிருக்கிறது. துரு இரும்பின் அழுக்கு அல்ல. இரும்பு, ஒட்சிசன், தண்ணீர் மூன்றும் சேர்ந்த புதுப்பொருள். அதனால் துருவேறும் ஆணியின் நிறை குறைவதற்குப் பதிலாகக் கூடும். உப்புக் காற்று இந்தத் தாக்கத்தை விரைவுபடுத்தும்.

மீன்பெட்டியில் ஐஸ் போடுவது இதற்கு நேர்மாறு. ஐஸ் உருகுவது பௌதிக மாற்றம். அந்தக் குளிர் மீனுக்குள் நடக்கும் இரசாயன மாற்றங்களை மெதுவாக்குகிறது. நிறுத்திவிடுவதில்லை. ஐஸில் வைத்த மீனும் நாள்பட்டால் பழுதாவது அதனால்தான்.

கரண்டகத்தின் விளிம்பு

அம்மம்மா தன் சுண்ணாம்புக் கரண்டகத்தில் எப்போதும் ஒரு விரற்கடை தண்ணீர் விட்டு வைப்பா. ஏன் என்று பெறாமகள் கேட்டாள்.

"விடாட்டி இறுகிப் போகும் பிள்ளை. காத்துப் படக்கூடாது."

மூடியைத் திறந்து பார்த்தோம். தண்ணீருக்குக் கீழே சுண்ணாம்பு வெண்ணெய்போல இருந்தது. தண்ணீர் எட்டாத விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிர்ந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை. ஒரு சாசரில் இந்தப் பக்கம் பசையும் அந்தப் பக்கம் பொருக்கும் வைத்து, இரண்டிலும் தேசிக்காய்ச் சொட்டு விட்டோம். பசையில் நுரை எதுவும் இல்லை. பொருக்கில் சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது.

"சிப்பிக்கு விட்டாலும் இப்பிடித்தான் நுரைக்குமோ சித்தி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முற்றத்தில் கிடந்த மட்டி ஓடு ஒன்றை எடுக்கப் போய்விட்டாள்.